எர்மெலோ சாலையில் நான் வாய் திறந்தது

க்ளிப்டிராய்,
செப்டம்பர் 9.

அன்பு மகள் கெத்திவேக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பைக் கேட்டால் நலம், மற்றதைக் கேட்காதே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்கிறேன், இப்போதெல்லாம் அவரிடம் வேறு எதையும் கேட்பதில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன், அதே போனில் உண்மையைச் சொல்லப் போனால் நாக்கு எழவில்லை. மூன்று தரம் உன் எண்ணைப் போட்டேன், மூன்று தரமும் நீ ‘அப்பா’ என்றதும் மின்வெட்டு, மழை, ஆட்டுக்குட்டி என்று எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். காகிதம் முகத்தைப் பார்க்காது, அதனால் எழுதுகிறேன். தபாலை நம்பினால் அடுத்த வருஷம்தான் வரும், எழுதி முடித்ததும் உன் அண்ணி செபென்சிலே போனில் படம் எடுத்து அனுப்புவாள். அவள் படிப்பாளே என்று பார்த்தேன், படிக்கட்டும், இனி யாரிடமும் மறைக்க ஒன்றும் இல்லை.

வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். உன் அண்ணி கறுப்பு உடுத்திக்கொண்டு என்னோடுதான் இருக்கிறாள், வருஷம் முடிந்துதான் அம்மா வீட்டுக்குப் போவாளாம், போ என்று நானும் சொல்லமாட்டேன். சோளக் களியும் கீரையும் ஆக்கித் தருகிறாள், உப்பு சரியா என்று கேட்கிறாள், சரி என்கிறேன், உப்பு போட்டாளா இல்லையா என்றுகூட எனக்குத் தெரிவதில்லை. உன் அண்ணன் போய் ஐந்து வாரமாகிறது, எனக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை கெத்தி. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, இருக்கிறது ஆனால் நம்முடையது இல்லை, அப்படி இருக்கிறது முழு உடம்பும். ஷிப்டுக்கு எழுந்த பழக்கத்தில் விடியும் முன்பே எழுந்துவிடுகிறேன். ஜன்னலைத் திறந்தால் மூடிய அனல்மின் நிலையத்தின் நாலு புகைபோக்கியும் நிற்கின்றன, புகை இல்லை. முன்பெல்லாம் புகை இல்லாவிட்டால் ஐயோ பாய்லருக்கு என்ன ஆச்சு என்று ஓடுவேன். இப்போது பார்க்கிறேன், ஜன்னலைச் சாத்துகிறேன், கரி அடுப்பில் தண்ணீர் வைக்கிறேன். அந்த அடுப்பை இன்னும் மாற்றவில்லை, நீ திட்டுவாய், திட்டு.

நம் வீட்டுச் சண்டையை மறுபடி ஆரம்பிக்க இதை எழுதவில்லை. ஆனால் மனதில் இருப்பதை மறைத்து எழுதினால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ அந்த ஜெர்மன் அலுவலகத்திலிருந்து வந்து, பிரிட்டோரியாவில் அரசாங்கக் குழுவின் முன்னால் உட்கார்ந்து, க்ளிப்டிராய் அனல்மின் நிலையத்தைச் சொன்ன தேதியில் மூடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று பேசினாய். வானொலியில் அப்படியே போட்டார்கள். தொழிற்சங்க அலுவலகத்தில் நாற்பது பேரோடு உன் அண்ணன் வேலாபியும் கேட்டுக்கொண்டிருந்தான். நீ கணக்கு சொன்ன வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தானாம். அம்மா கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி சாம்பலாகத் திரும்பியதையும், கடைசி வருஷம் முழுக்க அவள் உட்கார்ந்தபடியே தூங்கியதையும் நீ சொன்னபோதுதான் எழுந்து போய்விட்டானாம். நானும் கேட்டேன். என் பெண்டாட்டியின் நெஞ்சைப் பற்றி முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. நீ சொன்னது பொய் என்று ஆத்திரம் இல்லை, நிஜம் என்றுதான் ஆத்திரம். அந்த பாய்லரில் முப்பத்தொரு வருஷம் நின்றவன் நான், அந்தச் சம்பளத்தில்தான் நீ படித்தாய், அந்தப் புகையில்தான் அவள் மூச்சு போயிற்று, இரண்டும் எனக்குத் தெரியும், இரண்டையும் ஒரே வாயால் சொல்ல எனக்கு வராது. அன்று சாயந்திரம் அவன் உனக்குப் போன் செய்து கத்தியது தெருவுக்கே கேட்டது. ‘நீ உட்கார்ந்திருக்கிற ஊரே நம்ம கரியைக் கப்பல் கப்பலா வாங்கி எரிக்குது, எங்களுக்கு மட்டும் வெயிலைக் காட்டி உபதேசமா, போடி!’ என்றான். நீ என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை, அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இனிமே எனக்குத் தங்கச்சி கிடையாது என்றான்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. உன்னைத் திட்டினானே தவிர அவன் சும்மா உட்காரவில்லை. நிலையம் மூடியதும் சோலார் பேனல் பொருத்துகிற பயிற்சிக்கு மூன்று மாதம் போனான், முதலாவதாகத் தேறினான், சான்றிதழைச் சட்டம் போட்டு செபென்சிலே கூடத்தில் மாட்டியிருக்கிறாள். பழைய சாம்பல் மேட்டில் பேனல் வரும், வேலை வரும் என்றார்கள். பேனல் வந்தது, பொருத்துகிற ஆட்களும் அதோடு கூடவே வெளியூரிலிருந்து வந்து இறங்கினார்கள். இவனோடு படித்தவர்களில் இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது, பேனல் திருடு போகாமல் வேலிக்குக் காவல். பதினோரு மாதம் பார்த்துவிட்டு இவன் நிலக்கரி லாரி ஓட்டப் போனான், சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்கு. ‘கரி செத்துப்போச்சுங்கறாங்க, அப்ப பொணத்தை யாராவது தூக்கணுமில்லப்பா’ என்று சொல்லிச் சிரித்தான். நீ பேசியதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை கெத்தி. அடுப்பை அணைக்கச் சொன்னவர்கள் மறுவேளைச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று பார்த்தீர்களா என்று கேட்கிறேன். அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

அவன் போன இடம் பீட் ரெட்டீஃப் தாண்டி, தைலமரத் தோப்புகளுக்கு நடுவில் ஒரு வளைவு. பட்டப்பகலில் லாரி கவிழ்ந்தது. தூங்கிவிட்டான் என்கிறார்கள், குறுக்கே மாடு வந்தது என்கிறார்கள். அந்தக் கரி எந்தக் கப்பலில் எந்த ஊருக்குப் போக இருந்தது என்று நான் விசாரிக்கவில்லை, நீயும் விசாரிக்காதே. அன்றே நீ போன் செய்து, டிக்கெட் பார்த்துவிட்டேன் அப்பா, வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றாய். நான் வராதே என்றேன். சங்கத்து ஆட்கள் உன்னை ஊர் எல்லையிலேயே மறிக்கப் போகிறார்கள், அடக்கத்தில் கலவரம் வரும், அவனையாவது நிம்மதியாகப் போகவிடு என்றேன். நீ ‘சரிப்பா’ என்றாய். நான் போனை வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன், சர்க்கரை மூன்று கரண்டி, அதுகூட நினைவிருக்கிறது.

லெஃபினா அத்தை அப்போதே சொன்னாள், அவன் விழுந்த இடத்துக்குப் போய் இலந்தைக் கிளையில் அவன் ஆவியை அழைத்துவந்து, அப்புறம் உடம்பைப் புதை என்று. நான் சபை மூப்பன், என் அக்கா சொன்னாளே என்று முள்கிளையைத் தூக்கிக்கொண்டு அலைவதா, அதெல்லாம் முடியாது என்றேன். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, முறைப்படி புதைத்தோம். நாலாவது வாரம் செபென்சிலேக்குக் கனவு. வேலாபி வேலைச் சட்டையோடு சாலை ஓரத்தில் நின்று, நம் பக்கம் வரும் வேனுக்குக் காட்டுகிற மாதிரி விரலைக் காட்டிக்கொண்டே இருக்கிறானாம், ஒரு வண்டியும் நிற்கவில்லையாம். அத்தை என் முகத்துக்கு நேரே, ‘கேட்டியாடா ஃபனுவேல், பெட்டியில வெறும் எலும்பைப் புதைச்சுட்டு புள்ளைய நடுரோட்டுல விட்டுட்டு வந்திருக்கே’ என்றாள். சரி போகலாம் என்றேன். நம்பி ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதே, மாட்டேன் என்று சொல்லத் தெம்பு இல்லை.

வழக்கம் உனக்குத் தெரியும், ஆனால் பதினைந்து வருஷமாக வெளியே இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். கிளையைப் பிடித்தவர் இறந்தவரோடு மட்டும்தான் பேசலாம். ஆறு வந்தால் ஆறு, திருப்பம் வந்தால் திருப்பம், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் இறந்தவர் வழி தவறிவிடுவார். உயிரோடு இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை பேசினாலும் பேசிய இடத்திலேயே இறங்கிவிடுவார். வேனில் அவருக்கும் கட்டணம் கொடுத்து இடம் வாங்க வேண்டும். இலந்தைக் கிளையோடு ஒருவர் ஏறினால் ஓட்டுநர் வானொலியை அணைத்துவிடுவார், குடிகாரன்கூட வாயைப் பொத்திக்கொள்வான், இந்தப் பக்கத்தில் அதைத் தெரியாதவர் இல்லை. அப்படியிருக்க நான் செய்த மடத்தனத்தைக் கேள். எர்மெலோ வேன் நிலையத்தில் சபைக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே என்று கிளையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அத்தையிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அந்த வளைவில் கண்ணாடித் துண்டு கிடந்தது, புல்லில் கரித்தூள் இருந்தது. கொட்டிய கரியை அக்கம்பக்கத்துப் பெண்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம், நல்லது, யார் வீட்டிலோ குளிருக்கு எரிந்திருக்கும். கிளையைத் தரையில் வைத்து, வேலாபி, அப்பா வந்திருக்கேன், எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன். அத்தை அழுதாள். எனக்குக் கால் மரத்துப்போனது, வேறொன்றும் தோன்றவில்லை, உன்னிடம் ஏன் நடிக்க வேண்டும்.

எர்மெலோவில் வண்டி மாறினோம். அத்தை மூன்று பேருக்குக் கட்டணம் கொடுத்து, எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டாள். முன் வரிசையில் சங்கத்துச் சிவப்புச் சட்டை போட்ட ஒருவர், நாற்பது வயதிருக்கும், திரும்பிப் பார்த்து, ‘என்ன பெரியம்மா, பைக்கெல்லாம் டிக்கெட் எடுக்கற அளவுக்கு வசதியா நீங்க?’ என்றார், வண்டியே சிரித்தது. அத்தை என்னை முறைத்தாள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வானொலியில் அடுத்த நிலையத்தை மூடலாமா கூடாதா என்று விவாதம், அது வண்டிக்குள் இறங்க எவ்வளவு நேரம் ஆகும். மடியில் முட்டைக்கோஸ் மூட்டை வைத்திருந்த ஒரு அம்மாள், ‘கரியோ வெயிலோ ஏதோ ஒரு எழவு, சாயந்திரம் என் வீட்டு பல்பு எரிஞ்சா சரி’ என்றாள். சிவப்புச் சட்டைக்காரர், ‘வெயில் ஆறு மணிக்கு டியூட்டி முடிஞ்சு போயிடும்மா, கரிக்கு மூணு ஷிப்டு!’ என்றார். பின்னாலிருந்து ஒரு கல்லூரிப் பெண் விடவில்லை. ‘எங்க தெருவுல அஞ்சு வீட்டுக்கு ஒரு வீட்டுல மூச்சு மெஷின் ஓடுது அண்ணா, அதுக்கும் மூணு ஷிப்டுதான்’ என்றாள். எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். நல்ல வண்டி கெத்தி, வேறொரு நாளாக இருந்தால் நானும் சேர்ந்திருப்பேன். போர்வைக்குள் முள் உள்ளங்கையில் ஏறியிருந்தது. வேலா, எர்மெலோ தாண்டியாச்சு, இடது பக்கம் திரும்பறோம் என்று முணுமுணுத்தேன், கிழவர் ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது சிவப்புச் சட்டைக்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்து, ‘இதே பாட்டைத்தான் க்ளிப்டிராய்க்காரி ஒருத்தி பிரிட்டோரியாவுல பாடினா, மசொம்புகா வீட்டுப் பொண்ணு. ஊரை மூடிட்டு ஏரோப்ளேன் ஏறிட்டா. போன மாசம் அவ சொந்த அண்ணன் லாரியில செத்தான், அடக்கத்துக்கு வந்தாளா? வேலை இருக்கு, வரமாட்டேன்னுட்டாளாம். காத்தைச் சுத்தம் பண்ணுவாங்க, கூடப்பொறந்தவன் மேல ஒரு பிடி மண்ணு போடமாட்டாங்க’ என்றார். முட்டைக்கோஸ் அம்மாள், ‘ச்சீ, அவளும் ஒரு பொம்பளையா’ என்றாள். அதுவரை உன் கட்சியாகப் பேசிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் திட்டியதைத் தாங்கிக்கொண்டேன், அவள் தலை குனிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ‘அவ வரமாட்டேன்னு சொல்லல. நான்தான் வராதேன்னு சொன்னேன். நான் அவ அப்பன்’ என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. போர்வை விலகி, கிளை எல்லார் கண்ணிலும் பட்டது. அத்தை நடுவில் இருந்த இடத்தில் கையை வைத்துத் தடவி, ‘போச்சு, இறங்கிட்டான், ஐயோ ஃபனுவேல், புள்ளைய மறுபடியும் ரோட்டுல இறக்கிவிட்டுட்டியேடா’ என்று அலறினாள். யாரும் சொல்லாமலே ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டி இயந்திரத்தை அணைத்தார். எர்மெலோ தாண்டி ஒரு சின்னப் பாலம், கீழே தண்ணீர்கூட இல்லை. எல்லாரும் இறங்கினார்கள். கரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் போகும்போது வேன் ஆடியது. அத்தை நம் குலப்பெயரையெல்லாம் சொல்லி மூன்று முறை கூப்பிட்டாள், பிறகு, வரமாட்டேங்கிறான் என்று சொல்லிக் கிளையைப் பாலத்துக் கம்பியில் கட்டினாள். சிவப்புச் சட்டைக்காரர் சாலையில் நின்று லாரிகளைக் கை காட்டி மெதுவாகப் போகவைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னிடம் பேசக்கூடாது என்று அத்தையிடம்தான், ‘கிளையைப் பார்த்திருந்தா என் நாக்கை அறுத்துப் போட்டிருப்பேன் பெரியம்மா’ என்றார். பார்க்கும்படி நான் வைத்திருந்தால்தானே.

இப்போது அந்தப் பொய். சங்கத்து ஆட்கள் உன்னை மறிப்பதாக ஒருநாளும் சொல்லவில்லை. அடக்கத்துக்கு இரண்டு நாள் முன்னால் செயலாளர் ம்சிபி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ‘கெத்திவே எப்ப வர்றா, ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்பறோம், அரசியல் வேற, சாவு வேற’ என்றார். அவள் வரமாட்டாளாம், வேலை இருக்கிறதாம் என்று நான் சொன்னேன். அவர்களைக் காட்டி உன்னைத் தடுத்தேன், உன்னைக் காட்டி அவர்களை அனுப்பினேன், ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளமாட்டீர்கள் என்று தெரியும். ஏன் என்று கேட்பாய். பெட்டிக்குப் பக்கத்தில் உன்னைப் பார்த்தால், இப்ப திருப்தியா என்று கேட்டுவிடுவேனோ என்று பயந்தேன். அது பாதி. மீதியையும் சொல்லிவிடுகிறேன், யாரையாவது தண்டிக்க வேண்டும் போல இருந்தது, நீ கைக்கு எட்டினாய். அப்படிக் கேட்டுவிட்டிருந்தாலே தேவலை, நீயும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பாய், இரண்டு பேரும் அழுதிருப்போம். நான் செய்தது அதைவிடக் கேவலம். உன் அண்ணன் மேல் மண் போடும் உரிமையை உன்னிடமிருந்து பறித்தேன், அதற்கு உன்னையே ஊர் திட்டும்படியும் செய்தேன். இதை எழுதும்போதும் கண்ணில் ஈரம் இல்லை, ஆனால் இந்த வரிகளை மூன்று தரம் அடித்து எழுதினேன், பார்த்தாலே தெரியும்.

விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ம்சிபி வந்தார், உட்காரவில்லை. ‘ரெண்டு பக்கமும் எங்களை வச்சே விளையாடிட்டீங்களே பெரியவரே’ என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, ‘அந்த வண்டி இன்னும் இருக்கு, அவ வர்ற தேதியைச் சொல்லுங்க’ என்றார். சபையில் மூப்பர் பொறுப்பை நானே விட்டுவிட்டேன். அத்தை தீர்ப்பு சொல்லிவிட்டாள், யார் பேருக்காக வாயைத் திறந்தியோ அவளே வந்து கிளையை எடுக்கட்டும், உன் கை இனி ஆகாது என்று. செபென்சிலே தினமும் காலையில் என் முகத்தைப் பார்க்கிறாள், நேற்று நேராகவே கேட்டுவிட்டாள், ‘மாமா, அவரு அந்தப் பாலத்துல எத்தனை நாள் நிக்கணும்?’ என்று. இதையெல்லாம் நீ நம்புவாயா தெரியாது, நானே நம்புகிறேனா தெரியாது. அவளுக்கு நீ வரும் தேதியைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

வா கெத்தி. என்னை மன்னித்துவிட்டு வா என்று கேட்கவில்லை, மன்னிக்காமலே வா. விடுப்புக் கேட்கும்போது தயங்காதே, அண்ணன் காரியம் என்று சொல். மழைக்கோட்டு எடுத்துவா, அடுத்த மாதம் மழை பிடித்துவிடும். நிலையத்தை மூடு என்கிற உன் கட்சியை மாற்றிக்கொள்ள வேண்டாம், நானும் மாற்றிக்கொள்ளப்போவதில்லை. கடவுளும் நம் முன்னோர்களும், போன உன் அம்மாவும் உன் வழிக்குத் துணையாக இருக்கட்டும், நீ கால் வைக்கிற இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும்.

இது ஒன்றை மறந்துவிடாதே. கிளை உன் கையில் இருக்கிற வரைக்கும் எங்கள் ஒருவரிடமும் பேசக்கூடாது, நானே மன்னிப்புக் கேட்டாலும் பதில் சொல்லிவிடாதே. அவனோடு மட்டும் பேசலாம். அந்தப் பாலத்திலிருந்து நம் வாசலுக்கு ஒன்றரை மணி நேரம். ஆற்றையும் திருப்பத்தையும் சொல், மற்ற நேரமெல்லாம் கரியைப் பற்றி, வெயிலைப் பற்றி, அம்மாவின் மூச்சைப் பற்றி, இரண்டு வருஷமாக நீங்கள் பேசாமல் விட்ட எல்லாவற்றையும் அவனிடம் பேசு, சண்டை போட வேண்டுமென்றால் போடு. நான் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன்.

உன் அப்பா,
ஃபனுவேல் மசொம்புகா